பெர்லின்: சுவர் போன பிறகு ஊரில் மிச்சமிருப்பது யாருடைய நினைவு?

தெருப்பாடம் எழுதியது:

வணக்கம். ஊரமைப்புத் துறையில் வேலை பார்க்கிறேன், பெர்லினில் வெட்டிங் பகுதியில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "சுவர் எங்கே?" தன் மக்கள் மேற்குக்குத் தப்பாமலிருக்கக் கிழக்கு ஜெர்மன் அரசு மேற்கு பெர்லினைச் சுற்றி ஏறத்தாழ 155 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய சுவர் அது. அதில் 43 கிலோமீட்டர் நகரத்தின் நடுவே கிழக்கையும் மேற்கையும் பிரித்தது. 1961 ஆகஸ்ட் 13 விடிவதற்குள் முள்கம்பியாக முளைத்து, 1989 நவம்பர் 9 இரவு வழிவிட்டது. இன்றைக்கு நின்றபடி காட்டுவதற்கு அங்கங்கே சில துண்டுகள்தான்.

என் வாதம் இது: அந்தச் சில துண்டுகளில் எதுவும் தானாகப் பிழைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள். சண்டை போட ஆள் இல்லாத இடத்தில் இன்று அலுவலகக் கட்டடமோ, கார் நிறுத்துமிடமோதான் இருக்கிறது.

பெர்னாவர் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு வரிசை வீடுகள் கிழக்கில், வாசலில் இருக்கும் நடைபாதை மேற்கில். கதவைத் திறந்து வெளியே கால் வைத்தால் வேறு ஆட்சி. முதலில் வாசல்களை அடைத்தார்கள், பிறகு ஜன்னல்களை. அடைபடாத ஜன்னல் வழியே மக்கள் குதித்தார்கள். கீழே மேற்கு பெர்லின் தீயணைப்புப் படை விரிவலையோடு நின்றது. ஆகஸ்ட் 22 அன்று ஈடா ஸீக்மான் என்ற பெண்மணி மெத்தை, தலையணைகளை முதலில் கீழே போட்டுவிட்டுத் தானும் குதித்து இறந்தார். சுவரால் இறந்த முதல் ஆள் அவர்தான். அப்புறம் குடியிருந்தவர்களைக் காலி செய்து வீடுகளை இடித்தார்கள். தரைத்தள முகப்பு மட்டும் பல ஆண்டுகள் சுவராகவே நின்றது. அங்கிருந்த தேவாலயத்தின் பெயர் நல்லிணக்க ஆலயம். எல்லையின் முன்சுவர், உள்சுவர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஆள் போகமுடியாமல் நின்ற அதை 1985 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

1990 ஜூனில் அதிகாரபூர்வமாகச் சுவரை இடிக்க ஆரம்பித்ததும் இதே தெருவில்தான். அதைக் காத்த எல்லைப்படையே இடிக்கவும் வந்தது. அந்த ஆலயத்தின் பாதிரியார் மன்ஃப்ரெட் ஃபிஷர் இயந்திரங்களுக்கு முன்னால் போய் நின்றார். அக்கம்பக்கத்தார் பலருக்கு அவர்மேல் கோபம். இரு ஜெர்மனிகளின் இணைப்புக்கு முந்தின நாள், 1990 அக்டோபர் 2 அன்று, அந்தத் துண்டு பாதுகாக்கப்பட்ட சின்னமானது. நினைவிடம் திறக்க 1998 ஆயிற்று. எட்டு வருஷம் இழுபறி.

இன்று அங்கே போனால் சுவர் இருந்த கோட்டில் துருப்பிடித்த இரும்புக் கம்பிகளை இடைவெளி விட்டு நட்டிருப்பதைப் பார்க்கலாம். நேர் எதிரே நின்றால் ஊடாக மறுபக்கம் தெரியும், உடம்பை ஒருக்களித்து நுழைந்தும் போகலாம். தெருவின் ஓரமாக நின்று நீளவாக்கில் பார்த்தால் கம்பிகள் நெருங்கி ஒன்றாகி வழி அடைபட்டதாகத் தெரியும். தகர்த்த ஆலயத்தின் இடத்தில் 2000-இல் இடிமண் சுவரால் ஒரு சின்ன பிரார்த்தனைக் கூடம் எழுப்பினார்கள். பழைய ஆலயத்தின் இடிபாட்டை மண்ணோடு குழைத்து அடித்திருக்கிறார்கள். சுவரைத் தடவினால் செங்கல் சில்லுகள் விரலில் படும். பக்கத்தில் ரை தானியம் விதைத்து அறுக்கிறார்கள்.

நம் ஆட்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஊரின் எந்த இடம் உங்களுக்குப் பழையதைச் சொல்கிறது? எதை இடித்திருக்கக் கூடாது, எதை இன்னும் இடிக்கவில்லை?

நிலாமுற்றம் எழுதியது:

உங்கள் எழுத்தை மதிக்கிறேன், வாதத்தில் உடன்பாடில்லை. சின்னங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்தச் சுவரோடு வாழாதவர்கள். ஜன்னலுக்கு நேரே காவற்கோபுரமும் தேடுவிளக்கும் 28 வருஷம் இருந்தவர்களுக்கு அது கண்ணிலிருந்து போனால் போதும் என்றுதான் தோன்றியிருக்கும். சுத்தியலும் உளியுமாக வந்து கொத்தியவர்களை யாரும் கூலிக்கு அழைத்து வரவில்லை. மறக்கவும் மனிதர்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்று. இந்த ஊரில் வீடு தேடுகிற பாடு எல்லாருக்கும் தெரியும். டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தை 2008-இல் மூடினார்கள், 2010-இல் பூங்காவாகத் திறந்தார்கள். ஓரத்தில் வீடு கட்டலாம் என்று அரசு சொன்னபோது 2014-இல் மக்கள் வாக்கெடுப்பு வைத்து, ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். நினைவுக்காகவா அப்படி வாக்களித்தார்கள்? பட்டம் விடவும் சைக்கிள் ஓட்டவும் இடம் வேண்டும் என்றுதானே? வீடில்லாதவனுக்கு இதில் என்ன பதில்?

ரயில்பித்தன் எழுதியது:

நின்ற சுவரை மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். இந்த ஊர் பிரிந்திருந்தது தரைக்குக் கீழேயும் தெரியும், தலைக்கு மேலேயும் தெரியும்.

கீழே: இன்றைய யு6, யு8 சுரங்க ரயில் வழிகளும் வடக்கு–தெற்கு நகர ரயில் வழியும் மேற்கில் தொடங்கி, கிழக்கின் அடியில் புகுந்து, மறுபடி மேற்கில் வெளியே வந்தன. கிழக்குப் பகுதி நிலையங்களின் வாசல்களை அடைத்து, கிழக்கின் வரைபடத்திலிருந்தே பெயர்களை நீக்கிவிட்டார்கள். மேற்கின் ரயில் அந்த நிலையங்களில் நிற்காமல் மெதுவாக ஊர்ந்து போகும். மங்கின வெளிச்சத்தில் துப்பாக்கியோடு காவலர் நிற்பது தெரியும். நுழையும் முன் "மேற்கு பெர்லினின் கடைசி நிலையம்" என்று அறிவிப்பு வரும். பேய் நிலையங்கள் என்று ஜனங்கள் பெயர் வைத்துவிட்டார்கள். விதிவிலக்கு ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸ நிலையம். அது இருந்தது கிழக்கில், ஆனால் மேற்கின் ரயில்கள் அங்கே நின்றன, மாறி ஏறலாம், எல்லையும் கடக்கலாம். சுவர் திறந்த இரண்டாம் நாள், 1989 நவம்பர் 11 அன்று, பேய் நிலையங்களில் முதலாவதாகத் திறந்தது யு8-இன் யானொவிட்ஸ்ப்ரூக. நோர்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இறங்கினால் இதைப் பற்றிய கண்காட்சி உள்ளேயே இருக்கிறது, காசு கிடையாது. பெர்னாவர் தெருவும் நடக்கிற தூரம்.

மேலே: ட்ராம். மேற்கு பெர்லின் 1967 அக்டோபரில் கடைசி ட்ராமை நிறுத்தியது. பேருந்தும் சுரங்க ரயிலும் போதும் என்று முடிவு. கிழக்கில் ட்ராம் ஓடிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் ட்ராம் வரைபடத்தைக் கையில் எடுத்தால் பழைய எல்லை தெரியும், தண்டவாளம் பெரும்பாலும் கிழக்கில்தான். 1995-இல் போர்ன்ஹோல்மர் தெருப் பாலம் வழியாக மேற்குக்குள் நீட்டினார்கள். 1989 நவம்பர் 9 இரவு முதன்முதலில் கதவு திறந்த அதே பாலம். அதில் ட்ராம் ஏறிப் போவது எனக்கு எந்த நினைவுச் சின்னத்தையும்விடப் பெரிது.

விளக்கும் அப்படித்தான். 2013-இல் விண்வெளி நிலையத்திலிருந்து கிறிஸ் ஹாட்ஃபீல்ட் எடுத்த படத்தில் கிழக்கு மஞ்சளாகவும் மேற்கு வெளிறியும் இரண்டாகத் தெரிந்தது. சுவர் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் தெருவிளக்குகள் மாறவில்லை.

இவற்றையெல்லாம் யாரும் சண்டை போட்டுக் காப்பாற்றவில்லை, தெருப்பாடம். குழாயும் கம்பியும் தண்டவாளமும் மாற்றச் செலவாகும், அதனால் தங்கிவிட்டன. உங்கள் வாதத்தில் இதற்கு இடம் இருக்கிறதா?

மார்சான்வாசி எழுதியது:

சுவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் மேற்கிலிருந்து கிழக்கைப் பார்த்தே பேசுகிறீர்கள். நான் கல்யாணமாகி வந்தது கிழக்கு பெர்லின் குடும்பத்துக்கு. என் மாமியார் இழந்தது என்று சொல்வது சுவரை இல்லை, குடியரசு மாளிகையை.

1976-இல் திறந்த கட்டடம். உள்ளே கிழக்கு ஜெர்மனியின் மக்களவை இருந்தது, அதோடு உணவகங்கள், பௌலிங், நடனம், பெரிய கச்சேரி மண்டபம். சாதாரண ஜனம் போய்ப் பிறந்தநாள் கொண்டாடின இடம். இரு ஜெர்மனிகளும் இணையலாம் என்று 1990 ஆகஸ்டில் அந்த அவை வாக்களித்ததும் அங்கேதான். அடுத்த மாதமே உடம்புக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று மூடினார்கள். ஆஸ்பெஸ்டாஸை எடுத்து முடித்த பிறகும் திறக்கவில்லை. 2006-இல் ஆரம்பித்து 2008-க்குள் இடித்து முடித்துவிட்டார்கள். கிழக்கு ஜெர்மன் அரசு 1950-இல் தகர்த்த பழைய அரசமாளிகையின் முகப்பைத் திரும்பக் கட்டி, உள்ளே அருங்காட்சியகம் அமைத்து, ஹும்போல்ட் ஃபோரம் என்று பெயர் வைத்து, 2021-இல் மக்களை உள்ளே விட்டார்கள்.

மேற்கில் ஐ.சி.சி. என்று ஒரு மாநாட்டுக் கட்டடம் இருக்கிறது. அதிலும் ஆஸ்பெஸ்டாஸ். 2014-இல் மூடினார்கள், ஆனால் இடிக்கவில்லை. 2019-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். மாமியார் இதைச் சொல்லும்போது கத்த மாட்டார், இரண்டு வருஷங்களையும் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்.

அவர் அந்த ஆட்சிக்கு வக்காலத்து வாங்குபவர் இல்லை. அவருடைய அண்ணன் தப்பியோட முயன்றதற்காகச் சிறையில் இருந்தவர். ஆட்சி வேறு, வாழ்ந்த வாழ்க்கை வேறு. முதல் காதலும் முதல் சம்பளமும் அந்த நாட்டில் நடந்தவை. அந்த இடங்களையும் சேர்த்து இடித்தால் அவர் எதைக் காட்டிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்?

கல்வெட்டுக்காரி எழுதியது:

மார்சான்வாசி சொன்னதோடு பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணைப்புக்குப் பிறகு கிழக்கில் தெருப்பெயர்கள் மாறின. லெனின் சதுக்கம் ஐக்கிய நாடுகள் சதுக்கமானது. அங்கே நின்ற 19 மீட்டர் உயர கிரானைட் லெனினை 1991 இறுதியில் துண்டு துண்டாகக் கழற்றி, நகரத்தின் தென்கிழக்குக் காட்டில் கொண்டுபோய் மணலில் புதைத்தார்கள். 2015-இல் தலையை மட்டும் தோண்டி எடுத்தார்கள். இப்போது ஸ்பாண்டாவ் கோட்டையில், ஒரு காலத்தில் நின்று பிறகு அகற்றப்பட்ட மற்ற சிலைகளோடு, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. பீடத்தில் இல்லாததால் காதருகே போய் நிற்கலாம். போல்ட்டைப் பிடுங்கின துளைகள் தெரிகின்றன. எனக்கு அது சரியான முடிவாகப் படுகிறது. வழிபடவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

ஆனால் நான் அதிகம் யோசிப்பது ஷ்ட்ரெலிட்ஸர் தெரு 55-ஆம் எண் வீட்டைப் பற்றி. பெர்னாவர் தெருவில் கைவிட்ட ஒரு பேக்கரியின் அடியிலிருந்து மாணவர்கள் தோண்டிய சுரங்கம் அங்கே முடிந்தது. 1964 அக்டோபரில் அதன் வழியாக 57 பேர் தப்பினார்கள். இரண்டாம் இரவு காவலர்கள் வந்துவிட்டார்கள். துப்பாக்கிச்சூட்டில் எகோன் ஷுல்ட்ஸ் என்ற 21 வயது காவலர் இறந்தார். அவர் படித்தது ஆசிரியர் வேலைக்கு. மேற்கின் கொலைகாரர்கள் சுட்டார்கள் என்று கிழக்கு அறிவித்தது. அந்தத் தெருவுக்கே அவர் பெயரை வைத்தார்கள், பல பள்ளிகளுக்கும் வைத்தார்கள். 1990-க்குப் பிறகு கோப்புகளைப் பார்த்தால், உயிரைப் பறித்தது சக காவலரின் துப்பாக்கி. அரசுக்கு அது அன்றே தெரியும். தெருவுக்குப் பழைய பெயர் திரும்பியது. பிறகு நடந்ததை உள்ளபடி எழுதிப் புதுப் பலகை வைத்தார்கள். சுவரால் இறந்தவர்கள் குறைந்தது 140 பேர் என்பது நினைவிடத்தின் கணக்கு. அதில் பணியில் இருக்கும்போது இறந்த காவலர்களும் அடக்கம். ஆனால் அவர்களைத் தப்பியோடி இறந்தவர்களின் படங்களோடு சேர்க்காமல் தனிக் கம்பத்தில் வைத்திருக்கிறார்கள். சரியென்று சொல்ல முடிகிறது. அந்த 21 வயதை நினைத்தால் மனசு ஒப்பவும் மறுக்கிறது.

தெருப்பாடம் எழுதியது:

ரயில்பித்தன், உங்கள் கேள்வி என்னை யோசிக்க வைத்தது. தண்டவாளத்தின் நினைவு வேறு வகை. அது யாரையும் கேட்காமல் தங்கும், ஆனால் தானாகப் பேசாது. ட்ராமில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது எல்லைக்கோடு என்று தெரியும்? நீங்கள் சொல்லித்தானே இந்த இழையில் பலருக்குத் தெரிந்தது. தங்குவதற்குச் செலவுக்கணக்கு போதும், பேசவைக்க ஆள் வேண்டும்.

நிலாமுற்றத்துக்கு: மறக்கும் உரிமையை நான் மறுக்கவில்லை. பெர்னாவர் தெருவில் அந்த வழக்கு நேருக்கு நேர் நடந்தது. நினைவிடத்தின் ஒரு பகுதி ஸோஃபியன் திருச்சபையின் கல்லறைத் தோட்டம். எல்லைக்காக கிழக்கு அரசு கல்லறைகளை அகற்றிவிட்டுச் சுவர் கட்டியது. போரில் இறந்தவர்கள் புதைந்த மண் இது, எங்கள் இறந்தவர்கள்மேல் சுவர் நிற்கக் கூடாது என்று சொல்லி 1997-இல் திருச்சபை சில சுவர்க்கூறுகளைப் பெயர்த்து எடுத்துவிட்டது. அவர்கள் தரப்பை எப்படிப் புறந்தள்ளுவது? இறந்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் இடையே வந்த வழக்கு அது. இன்று அந்த இடைவெளியை நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள். பெயர்த்த கூறுகளும் அங்கேயே நிற்கின்றன. சண்டையின் தடத்தையும் சேர்த்து வைத்தது எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

எதிர் உதாரணம் செக்பாயிண்ட் சார்லி என்ற பழைய எல்லைக் கடவு. 1961 அக்டோபரில் அமெரிக்க டாங்கிகளும் சோவியத் டாங்கிகளும் குழலுக்குக் குழல் எதிரே நின்ற இடம். அங்கே இன்று நிற்கும் காவல் குடில் நகல். 2004-இல் ஒரு தனியார் அருங்காட்சியகம் எல்லையில் இறந்தவர்களின் நினைவாக அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரச்சிலுவைகளை நட்டது. நிலம் அவர்களுடையது இல்லை, 2005 ஜூலையில் அகற்றினார்கள். ஆனால் அந்தக் கலவரம் அரசை உலுக்கியது. சுவர் நினைவு பற்றி ஊர் முழுவதற்குமான திட்டம் 2006-இல்தான் வந்தது. சண்டை வராமல் திட்டம் வந்திருக்காது.

டெம்பெல்ஹோஃப் பற்றி உங்கள் கேள்வி நியாயமானது, நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. பட்டம் விடத்தான் பெரும்பாலோர் வாக்களித்தார்கள். ஆனால் அந்தத் திடல், சோவியத் முற்றுகையின்போது மேற்கு பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் விமானத்தில் கொண்டுவந்த 1948–49 விமானப் பாலத்துக்கு மட்டும் உரியதில்லை. அதன் விளிம்பில் 1930-களில் கொலும்பியா வதைமுகாம் இருந்தது, போர்க்காலத்தில் கட்டாயத் தொழிலாளர்களை வைத்துப் போர்விமானம் செய்தார்கள். வீடு கட்டினால் அந்தக் கதையை அகழ்ந்து பார்க்க இன்னொரு வாய்ப்பு வராது. அதே நேரம் வாடகை கட்ட முடியாமல் ஊரைவிட்டுப் போகிறவரிடம் இதை என்னால் தெம்பாகச் சொல்ல முடியாது.

சுன்னாகத்தான் எழுதியது:

எல்லாருடைய எழுத்தையும் வாசிச்சனான். இதிலை எங்கட கதை ஒருத்தரும் கதைக்கேல்லை, அதாலை எழுதுறன்.

83 கலவரத்துக்குப் பிறகு எங்கட பெடியள் கனபேர் ஜேர்மனிக்கு வந்தது கிழக்கு பேர்லின் வழியா. நானும் அப்பிடித்தான், 85 தொடக்கத்திலை. கொழும்பிலையிருந்து மொஸ்கோ, அங்கையிருந்து கிழக்கு பேர்லின் ஷேனஃபெல்ட் விமான நிலையம். கிழக்கு ஜேர்மன்காரர் கடந்துபோக மட்டும் விசா குடுப்பினம். பிறகு நேரை ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸ ஸ்ரேசன். கடவுச்சீட்டிலை முத்திரை, ஒரு ஒடுங்கின பாதை, படி, பிளாட்ஃபோம், ரயில். அடுத்த ஸ்ரேசன் மேற்கு. அங்கை ஒருத்தரும் மறிக்கேல்லை. மேற்குக்காரர் அந்த இடத்திலை கடவுச்சீட்டு பாத்தால் அது ரெண்டு நாட்டு எல்லை எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிடும், அதாலை பாக்கமாட்டினம். பேர்லின்காரரைச் சுட்டு மறிச்ச எல்லை எங்களுக்குக் கதவாய் இருந்தது. இதை நான் சந்தோசமாய்ச் சொல்லேல்லை. அதே கிழமையிலை அதே ஊரிலை ஆரும் செத்திருக்கலாம்.

85 நடுப்பகுதியிலை மேற்கு நெருக்கி, கிழக்கு எங்கட ஆக்களுக்கு அந்தப் பாதையை மூடிப்போட்டுது. மேற்கு விசா இல்லாட்டி ஏத்தமாட்டம் எண்டிட்டினம். மற்ற நாட்டு அகதியளுக்கு 86 ஒக்டோபரிலை மூடினது. பிந்தி வந்த என்ரை மச்சான் வேறை வழியாலை கனக்கக் கஷ்டப்பட்டு வந்து சேர்ந்தவன்.

சுவர் விழுந்த இரவு நான் ஒரு சாப்பாட்டுக்கடை குசினியிலை கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான். ரோட்டெல்லாம் சனம், ஆளையாள் கட்டிப்பிடிச்சு அழுகினம். எனக்கும் கண் கலங்கினது. ஆனால் அதுக்குப் பிறகு வந்த வருசங்கள் பயம். 91-லை ஹொயர்ஸ்வெர்டாவிலை, 92-லை ரொஸ்ரொக்கிலை வெளிநாட்டுக்காரர் இருந்த கட்டடங்களைச் சனம் கூடி நிண்டு தாக்கினதைத் தொலைக்காட்சியிலை பாத்தனாங்கள். இருட்டினாப் பிறகு கிழக்குப்பக்கம் போறதை எங்கட ஆக்கள் நிப்பாட்டினம். சனத்துக்குச் சுவர் இல்லாமல் போயிட்டுது, எங்கட மனசிலை அப்பதான் கட்டினது.

அந்த ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை எல்லைச் சோதனை நடந்த கண்ணாடி மண்டபம் இப்ப அருங்காட்சியகம். கண்ணீர் மாளிகை எண்டு பெயர். பிரிஞ்ச குடும்பங்கள் அழுத இடம், மிச்சம் நல்லாய் வைச்சிருக்கினம். எங்கட பெடியள் வந்திறங்கின பிளாட்ஃபோமிலை ஒரு பலகையையும் நான் காணேல்லை. தம்பி தெருப்பாடம், சண்டை பிடிச்சதுதான் மிஞ்சும் எண்டு எழுதினீங்கள். அப்ப சண்டை பிடிக்கப் பாஷையும் பேப்பரும் இல்லாத ஆக்களின்ரை நினைவு?

மார்சான்வாசி எழுதியது:

சுன்னாகத்தான் அண்ணா, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். நான் குடியிருப்பது நீங்கள் அன்றைக்குப் போகப் பயந்த பக்கம். உங்கள் பயம் பொய்யில்லை. இதே கிழக்கில் வியட்நாமிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்கள் 1989-இல் நாடு முழுக்கச் சுமார் 60,000 பேர். சுவர் விழுந்ததும் வேலை போனது, தங்கும் உரிமையும் ஆட்டம் கண்டது. என் மாமியார் தறிவேலையில் பக்கத்து இயந்திரத்தில் நின்ற வியட்நாம் பெண்ணைப் பற்றி இப்போதும் பேசுவார். இன்று லிஷ்டன்பெர்க்கில் பழைய தொழிற்சாலை நிலத்தில் டோங் சுவான் சந்தை நடக்கிறது. கருவேப்பிலை வாங்க நானே அங்கே போகிறேன். அதுவும் இந்த ஊரின் நினைவிடம்தான், பலகை இல்லாத நினைவிடம்.

க்ராய்ஸ்பெர்க்கில் ஸ்ப்ரே ஆற்றங்கரையையும் பாருங்கள். அங்கே ஆற்றின் முழு அகலமும் கிழக்குக்குச் சொந்தம், கரை மட்டும் மேற்கு. 1966-க்கும் 1975-க்கும் நடுவில் விளையாடப் போய்த் தண்ணீரில் விழுந்த ஐந்து குழந்தைகள் செத்தார்கள். கடைசிக் குழந்தை செட்டின் மெர்ட், துருக்கிக் குடும்பத்துப் பையன். 1975 மே 11, அவனுடைய ஐந்தாவது பிறந்தநாள். மேற்கின் தீயணைப்பு வீரர்கள் கரையில் நின்றார்கள், தண்ணீரில் இறங்க அனுமதி இல்லை. ஜனம் கொதித்தது. அந்த வருஷ அக்டோபரில்தான் மீட்புக்கு இரு தரப்பும் உடன்பாடு செய்தன. அந்தக் கரைக்கு அப்போது ஆப்பிரிக்காவில் காலனிக் கோட்டை கட்டிய ஒருவரின் பெயர். 2010-இல் கறுப்பின ஜெர்மன் கவிஞர் மே அயிம் பெயரை வைத்தார்கள். ஐந்து குழந்தைகளும் 140 பேர் கணக்கில் இருக்கிறார்கள், பெர்னாவர் தெருவில் படமும் இருக்கிறது.

மட்டுறுத்துநர்:

இன்றைய ஜெர்மன் கட்சி அரசியல் பற்றி வந்த மூன்று பின்னூட்டங்களை அரசியல் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே ஊரையும் இடங்களையும் பற்றியே பேசுவோம்.

புதுமாணவன் எழுதியது:

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். அடுத்த மாதம் படிப்புக்காக பெர்லின் வருகிறேன். முதல் சனி, ஞாயிறில் இதையெல்லாம் பார்க்க ஆசை. எங்கே ஆரம்பிக்கட்டும்? ஈஸ்ட் சைட் காலரி போனால் போதுமா?

ரயில்பித்தன் எழுதியது:

தம்பி, ஈஸ்ட் சைட் காலரியைக் கடைசியில் வைத்துக்கொள். 1.3 கிலோமீட்டர் நீளச் சுவர், அதன்மேல் ஓவியங்கள் அழகு, கூட்டமும் அதிகம். ஆனால் அது கிழக்கு பக்கத்து உள்சுவர். சுவர் இருந்த காலத்தில் அதில் யாரும் படம் வரையவில்லை, வரைந்தது 1990-இல். 2013-இல் சொகுசு அடுக்ககத்துக்காக ஒரு பகுதியைக் கழற்றியபோது ஆயிரக்கணக்கானோர் வந்து மறித்தும் கழற்றினார்கள், அந்த அடுக்ககம் ஆற்றோரம் நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போ.

காலையில் நோர்ட்பான்ஹோஃப்பில் இறங்கு. பெர்னாவர் தெரு முழுக்க நட, 1.4 கிலோமீட்டர்தான், நடுவில் பார்வை மேடை இருக்கிறது, ஏறிப் பார். அப்படியே மவுவர்பார்க். சுட்டுக்கொல்லும் நிலமாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமை பழஞ்சாமான் சந்தை. நகர மையத்தில் சாலையின் குறுக்கே இரட்டை வரிசையாகப் பாவுகல் போகும், அதுதான் சுவர்க்கோடு. காலைத் தூக்காமல் அதன்மேலேயே கொஞ்சதூரம் நடந்து பார். எந்த இடத்தில் எந்தக் கட்டடத்துக்குள் போய் மறைகிறது என்பதைக் கவனி.

கல்வெட்டுக்காரி எழுதியது:

நீடர்கிர்ஷ்னர் தெருவுக்கும் போ. சுவர் 200 மீட்டர் நிற்கிறது, படம் இல்லை, சாயம் இல்லை, சுத்தியல் கொத்தின ஓட்டைகளோடு. அதன் காலடியில் தோண்டியெடுத்த நிலவறைச் சுவர்கள். நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டப்போவின் தலைமையகம் இருந்த நிலம் அது. ஒரே பார்வையில் இரண்டு ஆட்சிகளும் தெரிகிற இடம் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

க்ராய்ஸ்பெர்க்கில் தோமா தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மரவீடும் காய்கறித் தோட்டமும் உண்டு. சுவரை நேராகக் கட்டுவதற்காகக் கிழக்கு விட்டுவைத்த முக்கோணத் துண்டு நிலம் மேற்கு பக்கம் குப்பைமேடாகக் கிடந்தது. 1980-களில் ஓஸ்மான் கலின் என்ற துருக்கிக்காரர் குப்பையை அள்ளிவிட்டு வெங்காயமும் பூண்டும் போட்டார். எல்லைக்காவலர் வந்து விசாரித்தார்கள், கடைசியில் விட்டுவிட்டார்கள். அவர் 2018-இல் இறந்தார். தோட்டம் இருக்கிறது.

நிலாமுற்றம் எழுதியது:

சுன்னாகத்தான் ஐயா எழுதியதைப் படித்த பிறகு, மறக்க உரிமை உண்டு என்று நான் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மறக்கும் முன் ஒருமுறையாவது பதிவாகியிருக்க வேண்டும். வீடு விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

தெருப்பாடம் எழுதியது:

சுன்னாகத்தான் அண்ணை, நீங்கள் கேட்டதற்கு என் முதல் பதிவில் பதில் இல்லை. ஆகவே வாதத்தை விட்டுவிட்டு வேலையைப் பேசுகிறேன். க்ராய்ஸ்பெர்க்கில் ஃப்ரீட்ரிஷ்ஷைன்–க்ராய்ஸ்பெர்க் வட்டார அருங்காட்சியகம் குடிபெயர்ந்து வந்தவர்களின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகச் சேகரிக்கிறது. நீங்கள் தமிழிலேயே சொல்லுங்கள், நான் ஒலிப்பதிவு செய்து ஜெர்மனில் எழுதித் தருகிறேன், போய்க் கேட்போம். அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது இருந்தால் பேச்சுக்கு வலு கூடும். பயணச்சீட்டு, முகாமில் கொடுத்த அட்டை, எதுவானாலும்.

சுன்னாகத்தான் எழுதியது:

தம்பி, என்னட்டைப் பழைய கடவுச்சீட்டு இல்லை, அகதி மனு குடுக்கேக்கை வாங்கினது திரும்பி வரேல்லை. ஆனால் நொய்கோல்னிலை இருக்கிற என்ரை சிநேகிதன் ஒருத்தன் தன்ரையை வைச்சிருக்கிறான், கிழக்கு ஜேர்மன் முத்திரையோடை. நான் கண்ணாலை கண்டனான். இன்னும் ரெண்டு மூண்டு பேர் இருக்கினம், ஒருத்தருக்கு உடம்பு சுகமில்லை, அவரை முதல்லை கேக்கவேணும். வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்ரை வீட்டை வாங்கோ. மார்சான்வாசி தங்கச்சியும் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வரலாம். அந்தப் பக்கம் நிண்ட ஆள் எங்களைக் கண்டிருப்பா, என்ன நினைச்சவ எண்டு கேக்க எனக்கும் கனகாலமாய் ஆசை.

மார்சான்வாசி எழுதியது:

கேட்டுவிட்டேன் அண்ணா, வருகிறார். 85-இல் ஷேனஃபெல்ட் ரயிலில் பெட்டியோடு வந்த இளைஞர்களைப் பார்த்தது நினைவிருக்கிறதாம். மொழிபெயர்க்க நான் இருக்கிறேன்.